அந்தமானில் ஸ்கூபா: எதில் சிக்கனம் பிடிக்கலாம், எதில் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஸ்கூபா டைவிங் (முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்துவது) பற்றி வந்த கட்டுரையைப் படித்த அன்றே எழுத நினைத்தேன், விடைத்தாள் திருத்துகிற வேலையில் தள்ளிக்கொண்டே போய் இன்றுதான் உட்கார முடிந்தது. மாலத்தீவு, தண்ணீருக்கு மேலே கட்டிய குடில், நீலக் கடல், எல்லாம் அழகுதான். ஆனால் படித்து முடித்தவர்கள் மனதில் என்ன நின்றிருக்கும்? 'இதெல்லாம் நமக்கு எட்டாது' என்பதுதான். எங்கள் ஆசிரியர் அறையிலேயே மூன்று பேர் அதைத்தான் சொன்னார்கள். அது உண்மை இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் ராஜபாளையம் பக்கம் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை, வயது 43, தவணை கட்டுகிற மாதச் சம்பளக்காரி. நான் கற்றுக்கொண்டு வந்துவிட்டேன், அதுவும் மாலத்தீவில் இல்லை, அந்தமானில்.

முதலில் ஒரு திருத்தம். கட்டுரையில் நான்கு இடத்தில் 'ஆக்சிஜன் சிலிண்டர்' என்று வருகிறது. பத்திரிகை, தொலைக்காட்சி எல்லாவற்றிலும் இந்தத் தவறு இருக்கிறது, உங்களை மட்டும் சொல்லவில்லை. முதுகில் கட்டுகிற சிலிண்டரில் இருப்பது நாம் இப்போது சுவாசிக்கிற இதே காற்றுதான், ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், மிச்சம் பெரும்பாலும் நைட்ரஜன். அதை வடிகட்டி 200 பார் அழுத்தத்தில், அதாவது வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தத்தில், அடைத்திருப்பார்கள், அவ்வளவுதான். சுத்த ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு 6 மீட்டருக்குக் கீழே போனால் அதுவே நஞ்சாகி வலிப்பு வரலாம். அறிவியல் நடத்துகிறவள் என்பதால் மட்டும் சொல்லவில்லை, 'ஆக்சிஜன்' என்ற வார்த்தையைக் கேட்டதும் ஆஸ்பத்திரியும் அவசர சிகிச்சையும் ஞாபகம் வந்து பாதிப் பேர் பயந்துவிடுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. பயப்பட வேண்டியது வேறொன்று, அதற்கு வருகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் குடும்பத்தோடு மேற்குக் கரையில் ஒரு சுற்றுலா ஊருக்குப் போயிருந்தோம். கடற்கரையில் ஒருவர் வந்து, ஆளுக்கு 1,000 ரூபாய், வீடியோவும் சேர்த்து, ஸ்கூபா போகலாம் என்றார். விலையைக் கேட்டு ஏறிவிட்டோம். படகில் இருபது பேருக்கு மேல். ஓர் இங்கிலீஷ் மருத்துவத் தாளைச் சுற்றிலும் நீட்டி, 'எல்லாத்துக்கும் நோ போட்டுக் கையெழுத்துப் போடுங்க' என்றார்கள், போட்டோம். பாடம் என்று எதுவும் இல்லை, 'வாயால மூச்சு விடுங்க' என்ற ஒரே வாக்கியம்தான். படகின் ஏணியில் என்னை இறக்கி, பின்கழுத்துப் பக்கம் சிலிண்டரைப் பிடித்து ஒருவர் கீழே அமுக்கிக்கொண்டு போனார். இரண்டு ஆள் உயரம் போவதற்குள் காதுக்குள் ஆணி அடித்த மாதிரி வலி. தலையை ஆட்டினேன், கையை ஆட்டினேன், அவர் இன்னும் கீழே கொண்டுபோய் ஒரு பாறைப் பக்கத்தில் நிறுத்தி ரொட்டியைப் பிய்த்துப் போட்டார், மீன்கள் மொய்த்தன, கேமரா ஓடியது, மேலே ஏற்றிவிட்டார்கள். மொத்தம் ஆறேழு நிமிடம் இருக்கும். அப்புறம் பத்து நாள் இடது காது அடைத்தே கிடந்தது. செவிப்பறை அழுத்தத்தில் கன்றிப்போயிருக்கிறது, கிழியாமல் தப்பியது என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் சொன்னார்.

அந்த வீடியோவில் நான் சிரிக்கிற மாதிரிதான் இருக்கிறது, மாஸ்க் அழுத்தியதில் கன்னம் இழுத்துக்கொண்டதால். அதைப் பார்த்துவிட்டு எங்கள் சொந்தக்காரர்கள் இரண்டு குடும்பம் அதே இடத்துக்குப் போய்வந்தார்கள். அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

காது விஷயத்தை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் போதும். கொடைக்கானல் மலைப்பாதையில் பஸ் ஏறும்போது காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் 'பட்' என்று திறக்கும், எல்லோருக்கும் தெரியும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் போய்ச் சேருகிற வரைக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தில் மாறுகிற காற்றழுத்தம் முழுவதும் கடலில் வெறும் இரண்டு மீட்டர் இறங்குவதற்குள் மாறிவிடும். 10 மீட்டரில் மேலே இருக்கிற அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு. அதனால் தலை முங்கியதுமே மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதிக் காதைத் திறக்க வேண்டும், வலி வந்த பிறகு இல்லை, வருவதற்கு முன்னால், ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு தடவை. திறக்கவில்லையா, கொஞ்சம் மேலே ஏறி மறுபடி முயல வேண்டும், அப்படியும் திறக்கவில்லை என்றால் அன்றைக்கு டைவ் கிடையாது. சளி பிடித்திருந்தால் இறங்கவே கூடாது. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்துத்தான் 1,000 ரூபாய்க்கு ஸ்கூபா தருகிறார்கள்.

அடுத்த வருடம் கோடை விடுமுறையில் நானும் நாத்தனாரும் அந்தமான் போனோம். ஸ்கூபாவுக்கென்று போகவில்லை, செல்லுலார் சிறையைப் பார்க்கவேண்டும் என்பது நாத்தனாரின் நெடுநாள் ஆசை. ஹேவ்லாக் தீவில் (2018 கடைசியிலிருந்து சுவராஜ் துவீப் என்று பெயர், ஆனால் படகுக்காரரிலிருந்து கடைக்காரர் வரை ஹேவ்லாக் என்றுதான் சொல்கிறார்கள்) நாங்கள் தங்கிய குடிலுக்குப் பக்கத்தில் ஒரு டைவிங் பள்ளி. சும்மா விசாரிக்கப் போனேன், இறங்குகிற எண்ணமே இல்லை. அங்கே இருந்த இன்ஸ்ட்ரக்டர் நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டுத் தமிழிலேயே ஆரம்பித்தார், அந்தமானில் தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள், இது பெரிய அதிசயம் இல்லை. அதே மருத்துவத் தாள். ஆனால் அவர் கையெழுத்துக் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் கேட்டார்: நுரையீரல், இதயத் தொந்தரவு உண்டா, சின்ன வயதில் வீசிங் இருந்ததா, காதில் ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, மயக்கம், வலிப்பு, சர்க்கரை, முதுகு, தினமும் சாப்பிடுகிற மாத்திரை எது. மொத்தம் 10 கேள்விதான்.

இரண்டாவது கேள்வியிலேயே நாத்தனார் நின்றுவிட்டார். அவருக்கு ஆஸ்துமா உண்டு, மழைக்காலத்தில் இன்ஹேலர் எடுப்பார். மேற்குக் கரையில் இவரும்தான் 'நோ' போட்டுவிட்டு இறங்கினார்! தண்ணீருக்குள் அழுத்தத்தில் இழுத்த காற்று மேலே வரும்போது விரியும், மூச்சுக்குழாய் சுருங்கிக் காற்று உள்ளே மாட்டிக்கொண்டால் நுரையீரலே கிழியலாம், ஊரில் மருத்துவரிடம் பரிசோதித்துச் சான்றிதழ் வாங்கி வாருங்கள், அதுவரை நான் இறக்க மாட்டேன் என்று அந்தத் தம்பி சொல்லிவிட்டார். கொடுத்த பணத்தையும் வாங்கவில்லை. ஸ்நார்கல் (தண்ணீருக்கு மேலே நீட்டியிருக்கிற, மூச்சு விடுகிற குழாய்) போட்டு மேலேயே மிதந்து பார்க்க ஏற்பாடு செய்தார். அந்த நிமிடத்தில்தான் நான் இறங்குவது என்று முடிவு செய்தேன். வருகிற பணத்தை வேண்டாம் என்று சொல்கிறவரை நம்பி மூச்சை ஒப்படைக்கலாம்.

தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடலில் இறங்குகிறவரின் இடுப்புக் கயிற்றைப் படகில் பிடித்துக்கொண்டிருப்பது மச்சானாகத்தான் இருக்குமாம், தன் அக்கா தங்கையின் தாலிக்காக அவன் கயிற்றைக் கோட்டைவிட மாட்டான் என்று. எங்கள் அப்பா சொல்லிக் கேட்டது. நமக்குக் கடலுக்கடியில் போவது புதிது இல்லை, யார் கயிறு பிடிக்கிறார்கள் என்று பார்ப்பதும் புதிது இல்லை.

முக்கால் மணி நேரம் பாடம் நடந்தது. கை ஜாடைகளில் ஒன்று எல்லோருக்கும் குழப்பம் தரும்: கட்டை விரலை உயர்த்திக் காட்டினால் தண்ணீருக்குள் 'நன்றாக இருக்கிறேன்' என்று பொருள் இல்லை, 'மேலே போகலாம்' என்று பொருள். நன்றாக இருக்கிறேன் என்பதற்கு ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் வளையமாகச் சேர்க்க வேண்டும். அப்புறம் எல்லாவற்றுக்கும் மேலான விதி, மூச்சை அடக்கக் கூடாது. கிணற்றில் நீந்திப் பழகிய நமக்கு முங்கினால் மூச்சடக்குவது ரத்தத்தில் ஊறியது, அதை விடுவதுதான் கஷ்டம். இழு, விடு, இழு, விடு, நிறுத்தவே கூடாது.

கரையிலிருந்து நடந்தே இறங்குகிற இடம், நீமோ ரீஃப் என்கிறார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் முட்டி போட வைத்து மாஸ்க்குக்குள் வேண்டுமென்றே தண்ணீர் விடச் சொன்னார். கண் மூக்கெல்லாம் உப்புத் தண்ணீர், எழுந்து ஓடிவிடலாம் என்று இருந்தது. மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்திக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் தூக்கி, மூக்கால் நீளமாக ஊத வேண்டும், அடி விளிம்பு வழியாகத் தண்ணீர் மொத்தமும் வெளியே போய்விடுகிறது. மூன்று தடவை செய்ததும் பயத்தில் பாதி போய்விட்டது. அதற்குப் பிறகுதான் இறங்கினோம், ஒருவருக்கு ஒரு இன்ஸ்ட்ரக்டர், அவர் என் காதையே பார்த்துக்கொண்டு வந்தார். கடல் சாமந்தியின் (பூ மாதிரி விரிந்திருக்கிற கடல் உயிரி, ஆங்கிலத்தில் அனிமோன்) விரல்களுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒன்று, என் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும், வெளியே வந்து எங்களை முட்டுகிற மாதிரி பாய்ந்துவிட்டு உள்ளே ஓடியது, மறுபடி வந்தது. அதன் வீட்டைக் காக்கிறது. ரொட்டி போடவில்லை, யாரும் எதையும் தொடவில்லை, மண்டியிட்டபடி பார்த்துக்கொண்டே இருந்தோம். காது வலிக்கவே இல்லை.

அதற்கு அடுத்த கோடையில் தனியாகவே போய் 'ஓப்பன் வாட்டர்' படிப்பை முடித்தேன். நான்கு நாள், கடலில் நான்கு டைவ், 18 மீட்டர் ஆழம் வரை துணையோடு இறங்கச் சான்றிதழ், உலகம் முழுக்கச் செல்லும், காலாவதி இல்லை. இதற்கு நீச்சல் தெரிய வேண்டும், 200 மீட்டர் நிற்காமல், நேரக்கணக்கு இல்லை, பிறகு 10 நிமிடம் மிதக்க வேண்டும். நாங்கள் எல்லாம் டிராக்டர் டியூப்பைக் கட்டிக்கொண்டு கமலைக் கிணற்றில் பழகியவர்கள், எனக்கு அது சுலபமாகவே முடிந்தது. முதல் தடவை சும்மா இறங்கிப் பார்க்கிறவர்களுக்கு நீச்சல்கூடத் தேவையில்லை, இன்ஸ்ட்ரக்டர் கூடவே இருப்பார், 12 மீட்டருக்கு மேல் ஆழம் போகக் கூடாது. குழந்தைகளுக்கு 10 வயது ஆகியிருக்க வேண்டும்.

சரி, பணம். முதல் வருடம் கரையிலிருந்து இறங்கிய அந்த ஒரு டைவுக்கு 4,500 ரூபாய் கொடுத்தேன். ஓப்பன் வாட்டருக்குப் பயிற்சிக் கட்டணம் 29,000. சென்னையிலிருந்து போக வர விமானம் 12,400, மூன்று மாதத்துக்கு முன்னாலேயே பதிவு செய்ததால். கூரைக் குடில் ஒரு நாளைக்கு 1,600, படிக்க வந்த இன்னொரு பெண்ணோடு அதைப் பகிர்ந்துகொண்டேன். அரசுக் கப்பல், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து மொத்தம் 52,000 சொச்சம். சின்னத் தொகை என்று சொல்ல மாட்டேன், ஒன்றரை வருடம் சீட்டுக் கட்டி எடுத்த பணம் அது. ஆனால் உங்கள் கட்டுரையில் இருக்கிற ஓர் இரவு வாடகையைப் பார்த்தால் இது என்ன!

எதில் குறைக்கலாம் என்பதற்கு வருகிறேன். தங்குமிடத்தில் தாராளமாகக் குறைக்கலாம், ஏசி தேவையே இல்லை, காலை ஆறரைக்குப் படகு, மதியம் திரும்பினால் தூக்கம்தான் வரும். போர்ட் பிளேரிலிருந்து (2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்) ஹேவ்லாக்குக்குத் தனியார் சொகுசுப் படகில் ஆயிரத்துக்கு மேல் வாங்குகிறார்கள், அரசுக் கப்பலில் அதைவிடக் குறைவு, ஒரு மணி நேரம் கூடப் பிடிக்கும், டிக்கெட் முன்னாலேயே எடுக்க வேண்டும். விடுமுறை நீளமாக இருக்கிறவர்கள் சென்னையிலிருந்து கப்பலிலேயே போகலாம், ஏறக்குறைய மூன்று நாள், மாதத்தில் சில தடவைதான் கிளம்பும். சொந்தமாகச் சாமான் எதுவும் வாங்க வேண்டாம், கட்டணத்திலேயே எல்லாம் தருவார்கள். வேண்டுமானால் முகத்துக்குப் பொருந்துகிற மாஸ்க் ஒன்று மட்டும் வாங்கிக்கொள்ளலாம். வீடியோ வேண்டாம் என்றால் சில இடங்களில் அதையும் கழித்துத் தருகிறார்கள்.

இன்ஸ்ட்ரக்டரில் மட்டும் குறைக்கக் கூடாது. படிப்பில் ஒருவருக்கு எட்டு மாணவர்கள் வரை விதி இடம் கொடுக்கிறது, என்னைக் கேட்டால் நான்கு பேருக்கு மேல் இருக்கிற இடத்தில் சேராதீர்கள், இரண்டாயிரம் கூடக் கேட்டாலும் பரவாயில்லை. இன்ஸ்ட்ரக்டரிடம் பி.ஏ.டி.ஐ. அல்லது எஸ்.எஸ்.ஐ. (ஸ்கூபா பயிற்சிக்குச் சான்றிதழ் தருகிற சர்வதேச அமைப்புகள்) அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். படகில் அவசர ஆக்சிஜன் இருக்கிறதா என்று கேளுங்கள், ஆமாம், ஆக்சிஜன் வேண்டியது அங்கேதான், முதலுதவிக்கு. சந்தேகம் வந்தால் இறங்காமல் திரும்பி வாருங்கள்.

வெதுவெதுப்பான கடல் என்பது சொகுசுக்காக மட்டும் இல்லை, புதிதாகக் கற்கிறவருக்கு அது பாதிப் பாரத்தைக் குறைக்கிறது. குளிர்ந்த கடலில் கனத்த ரப்பர் உடை, அது மிதக்கும் என்பதால் இடுப்பில் கூடுதல் ஈயம், நடுக்கத்தில் காற்றும் சீக்கிரம் தீரும். அந்தமானில் தண்ணீர் 27 முதல் 30 டிகிரி, மெல்லிய உடை போதும். அப்படியும் முக்கால் மணி நேரம் கழித்து லேசாகக் குளிரத்தான் செய்யும், தண்ணீர் காற்றைவிட வேகமாக உடம்புச் சூட்டை எடுத்துவிடும், ஒரு துண்டும் கட்டஞ்சாயாவும் மறக்க வேண்டாம்.

காலம் பார்ப்பது முக்கியம். அந்தமானில் நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை, அதிலும் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். டிசம்பர் கடைசி வாரம் விலை ஏறிக் கிடக்கும். ஆசிரியர்களுக்கு ஏப்ரல் கடைசியும் மே முதல் வாரமும் சரிப்பட்டு வரும், ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்தச் சமயத்தில் கடல் சூடேறிப் பவளப்பாறை வெளுக்கிறது, 2010-ல் அந்தமானில் பெரிய அளவில் வெளுத்துச் செத்தது, நான் பார்த்த பாறைகளிலும் எலும்பு நிறத்தில் சில கிடந்தன. மிச்சம் இருப்பதன் மேல் நம் ஃபின் (காலில் மாட்டுகிற துடுப்பு) படாமல் நீந்தினாலே பெரிய உதவி.

மே முதல் செப்டம்பர் வரை போக முடிகிறவர்களுக்கு இலங்கையில் திருகோணமலை இருக்கிறது. அந்தமானில் மழை பெய்கிற மாதங்களில் அங்கே கடல் தெளிந்திருக்கும், நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு, தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். தாய்லாந்தில் கோ தாவ் தீவு குறைந்த செலவில் ஸ்கூபா கற்றுத் தருவதற்கே பெயர் போனது. பக்கத்திலேயே வேண்டும் என்றால் புதுச்சேரியில் பல வருடமாகக் கற்றுத் தருகிறார்கள், தண்ணீர் தெளிவு நாளுக்கு நாள் மாறும், ஆனால் விமானச் செலவு இல்லை.

கிளம்புகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. கடைசி டைவ் முடிந்த கையோடு விமானம் ஏறக் கூடாது. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும், இல்லையென்றால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ரத்தத்தில் குமிழி வரும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் இறங்கியிருந்தால் 18, நான் ஒரு முழு நாள் விடுவேன். செல்லுலார் சிறையையும் சாத்தம் மர ஆலையையும் கடைசி நாளுக்கு வைத்துக்கொண்டால் அந்த நாள் வீணாகாது. சுற்றுலா முகவர்கள் பலர் இதைத் தலைகீழாகப் போட்டுக் கொடுக்கிறார்கள், காலையில் ஸ்கூபா, சாயங்காலம் விமானம் என்று. பார்த்து மாற்றச் சொல்லுங்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த மருத்துவத் தாளின் 10 கேள்விகளைத் தமிழில் வெளியிடுங்கள். கோடை விடுமுறை வருகிறது, இந்த வருடமும் எத்தனையோ பேர் படகில் உட்கார்ந்து படிக்காமலே 'நோ' போடப் போகிறார்கள். தினமும் மாத்திரை சாப்பிடுகிற அப்பாக்கள், இன்ஹேலர் வைத்திருக்கிற அம்மாக்கள், காதில் ஆபரேஷன் ஆன பிள்ளைகள் அதில் இருப்பார்கள். நான் என் நாத்தனாருக்காக அதை மொழிபெயர்த்து வைத்திருக்கிறேன், ஒரு பக்கம்கூட வராது. நுரையீரல் மருத்துவர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை,
ராஜபாளையம்.